கணுக்காலில் கட்டிய பட்டை



மூன்று வாரங்களுக்கு முன்பு ஞாயிறு ஆராதனையில் நான் உங்களோடு இல்லை. "போதகர் வெளியூர் சென்றிருக்கிறார்" என்று அறிவிப்பில் வாசிக்கப்பட்டது. அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. மூலக்குளத்தில் நீங்கள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்த வேளையில், நான் கோவாவின் பணஜி நகரில், மிராமார் கடற்கரைக்கு அருகே, அரைக்கால் சட்டையும் ஓட்டக் காலணியும் அணிந்து, நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவே ஒரு கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சிலர் இதை ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறீர்கள். சிலர் என்னிடம் நேரடியாகவே கேட்டீர்கள். உங்கள் போதகர் ஓய்வுநாளில் பந்தயத்துக்குப் போனார் என்ற செய்தி வாய்வழியாக வந்து உங்களைச் சேருவதைவிட, அவரே எழுதி நீங்கள் வாசிப்பது நல்லது. ஆகவே இந்த வாரச் சிந்தனை ஒரு வகையில் என் அறிக்கையும்கூட.

கதை 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஊரடங்குக் காலம் முடிந்து ஆலயம் மறுபடியும் நிரம்பத் தொடங்கிய நாட்கள். வாலிபர்கள் சிலர் ஞாயிறு காலையில் கூட்டமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது. ஒரு பிரசங்கத்தில் அதைப் பற்றிப் பேசினேன். பேசினேன் என்பது மெல்லிய சொல், குத்திக் காட்டினேன். இஸ்ரவேலர் பொற்கன்றுக்குட்டியை வணங்கினார்கள், நம் பிள்ளைகள் இரண்டு சக்கரத்தை வணங்குகிறார்கள் என்றேன். சபையில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்தே ஒத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. ஆசீர்வாதம் கூறப்படும் முன்பே எழுந்து போனார். அதன் பிறகு அவர் நம் ஆலயத்துக்கு வரவில்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று அன்று என் நினைவில் இல்லை. 2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாவது அலையில் அவருடைய தாயார் மரித்தார். அடக்க ஆராதனையை நடத்தியவன் நானே. பாதுகாப்பு உடையில் நாலைந்து பேர் மட்டும் நின்ற அடக்கம் அது. கல்லறைத் தோட்டத்தில் ஜெபித்துவிட்டு வந்த நான், அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. முதலில் விதிமுறை தடுத்தது. பிறகு வேலைகள் தடுத்தன. அதன் பின்பு, இத்தனை நாள் போகாமல் இப்போது எப்படிப் போவது என்ற வெட்கம் தடுத்தது. அந்தத் தம்பிக்கு விடியலுக்கு முன்னே சைக்கிள் மிதிக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் மூச்சு விடுவதற்கு இருந்த நேரம். அதைத்தான் நான் பிரசங்க பீடத்திலிருந்து விக்கிரகம் என்றேன்.

அவருடைய தகப்பனார் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். திருவிருந்துக்குத் தனியாக முழங்காலிடுவார். மகனைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் வாசலில் கைகொடுத்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

இந்த ஆண்டு ஒரு மாலை, தகப்பனும் மகனும் சேர்ந்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கோவாவில் நடக்கும் 'அயர்ன்மேன் 70.3' போட்டியின் தொடரோட்டப் பிரிவில் சேர்வதற்கு அவர்கள் மூவராகப் பெயர் கொடுத்திருந்தார்கள். நீந்துவதற்கு வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பத்து இளைஞர் ஒருவர். சைக்கிளுக்கு இந்தத் தம்பி. ஓட்டத்துக்குத் தகப்பனார். மகனோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்து, பிறகு ஓடவும் பழகியிருந்தார் அவர். ஆனால் இருதயக் குழாயில் அடைப்பு கண்டுபிடிக்கப்பட்டு, ஸ்டென்ட் வைத்து, ஓடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அணியில் ஆளை மாற்றிக்கொள்ள இன்னும் நாட்கள் இருந்தன.

"ஐயா தினமும் ஊசுட்டேரி வரைக்கும் ஓடுறதைப் பாத்திருக்கேன்" என்றார் தகப்பனார். "எனக்குப் பதிலா நீங்க ஓடுவீங்களா?"

மகன் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது தகப்பனாரின் யோசனை, மகனுடையதல்ல என்று எனக்குப் புரிந்தது.

நாற்பத்தொன்பது வயதில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அன்று தொடங்கிய நடை, மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. வாரநாட்களில் விடியற்காலையில் ஓடுவேன். போட்டி எதிலும் கலந்துகொண்டதில்லை. பக்கத்திலேயே ஆரோவில்லில் 2008 முதல் மாரத்தான் நடக்கிறது, அதிலும் சேர்ந்ததில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். அவை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன.

அவர்களை அனுப்பிவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். 'முடியாது' என்ற பதிலே என் நாவில் இருந்தது. அதற்கு ஆதாரமாக ஒரு பெயரும் இருந்தது: எரிக் லிடெல். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை முறை அவருடைய கதையைச் சொல்லியிருக்கிறேன்! 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஓட மாட்டேன் என்று அவர் மறுத்தார். தொடரோட்டங்களையும் அதே காரணத்துக்காகவே மறுத்தார். அந்த ஞாயிறன்று பாரிஸிலிருந்த ஸ்காட்லாந்து ஆலயத்தில் பிரசங்கித்தார். பிறகு வாரநாளில் நடந்த நானூறு மீட்டர் ஓட்டத்தில் 47.6 வினாடிகளில் தங்கம் வென்றார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் பலர்.

ஆனால் கதையின் கடைசிப் பகுதியை நான் ஓய்வுநாள் பள்ளியில் சொன்னதில்லை. லிடெல் மிஷனரியாகச் சீனாவுக்குத் திரும்பினார். 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் என்ற தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு விளையாட்டுகளை ஏற்பாடு செய்தவர் லிடெல். ஞாயிறன்று விளையாட்டு கிடையாது என்பதில் முதலில் அங்கேயும் உறுதியாக இருந்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்களாகவே விளையாடத் தொடங்கி, நடுவர் இல்லாமல் அடிதடியில் முடித்தார்கள். அதன் பின்பு ஞாயிறுகளில் லிடெல் தாமே மைதானத்தில் நடுவராக வந்து நின்றார். தங்கப் பதக்கத்துக்காக ஞாயிறன்று ஓட மறுத்த அதே மனிதர், சண்டையிட்ட பிள்ளைகளுக்காக ஞாயிறன்று மைதானத்தில் நின்றார். அவர் கொள்கையைக் கைவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கொள்கை யாருக்காக இருந்தது என்பதைக் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன்.

சபைக் கமிட்டியின் முன் விஷயத்தை வைத்தேன். மூத்த சகோதரர் ஒருவர் எதிர்த்தார். "இன்னைக்கு உங்களுக்கு ஒரு காரணம் இருக்கு, ஐயா. நாளைக்கு ஆலயத்துக்கு வராத ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் சொல்வாங்க. நீங்க எப்படி அவங்களைக் கேப்பீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுமையாக இல்லை. நீண்ட ஜெபத்துக்குப் பிறகு கமிட்டி எனக்கு விடை கொடுத்தது. "அறிவிப்பில் காரணம் போட வேண்டாம், தேவையில்லாத பேச்சு வரும்" என்று ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அங்கேதான் தவறினேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மருத்துவரிடம் சோதனை செய்துகொண்டு மூன்று மாதம் பயிற்சி எடுத்தேன். மூலக்குளத்திலிருந்து அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறி இறங்கி, வில்லியனூர் வரை ஓடித் திரும்புவேன். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை நான் நனைந்தபடி பால் வண்டியை முந்த முயன்றதைப் பார்த்த சகோதரி ஒருவர், "போதகருக்கு என்ன ஆயிற்று" என்று என் மனைவியிடம் கேட்டாராம்.

இந்தப் போட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் தொடர்ச்சியாகச் செய்வது ட்ரையத்லான். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியகோ நகரில் இந்தப் பெயரில் முதல் போட்டி நடந்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது. கோவாவில் நடப்பது 2019-இல் தொடங்கியது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் நின்று, 2022-இல் மறுபடியும் நடந்தது. 70.3 என்ற எண் மொத்தத் தூரத்தை மைல் கணக்கில் சொல்கிறது: கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். பெரும்பாலோர் மூன்றையும் தாங்களே முடிக்கிறார்கள். தொடரோட்டப் பிரிவில் ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இடையிலும் காலக்கெடு உண்டு.

மைதானத் தொடரோட்டத்தில் ஒரு குச்சியைக் கைமாற்றுவார்கள். இங்கே குச்சி இல்லை. நேரத்தைப் பதியும் சிறிய சில்லு ஒன்றைப் பட்டையில் வைத்து நீந்துகிறவர் கணுக்காலில் கட்டிக்கொள்கிறார். கரைக்கு வந்து, சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருக்கும் மாற்றிடத்துக்கு ஓடி வந்து, அதை அவிழ்த்துச் சைக்கிள்காரரிடம் தருகிறார். சைக்கிள்காரர் திரும்பி வந்து ஓடுகிறவரிடம் தருகிறார். அந்தப் பட்டை இல்லாமல் 21 கிலோமீட்டரையும் நீங்கள் மின்னலாய் ஓடி முடித்தாலும் அது கணக்கில் வராது. நீங்கள் பெற்றுக்கொண்டதைச் சுமந்து ஓடினால் மட்டுமே அது அணியின் ஓட்டம்.

அன்று காலை ஏறக்குறைய ஏழு மணிக்கு எங்கள் நீச்சல்காரர் கடலில் இறங்கினார். நாற்பது நிமிடங்களில் கரையேறி, உப்புநீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். அலையோடு பிறந்த பிள்ளை. அவர் முகத்தில் களைப்பே இல்லை. பட்டை கைமாறியது. தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டி ஏறி, மறைந்துபோனார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நிற்க வேண்டும். இதற்கு நான் பயிற்சி எடுக்கவில்லை. போதகனுக்குக் காத்திருக்கத் தெரியாது, பிரியமானவர்களே. பாடகர் குழு தாமதித்தால் நானே பாட்டை எடுப்பேன். ஒலிபெருக்கி கரகரத்தால் நானே போய்த் திருகுவேன். நமது ஆலயத்தில் நான் கை வைக்காத காரியம் எது என்று நீங்களே சொல்லுங்கள். இங்கோ, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒருவர் வருவதற்காகப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே என் ஊழியம். அவருக்காக ஒரு அடிகூட என்னால் மிதிக்க முடியாது.

ஒன்பது மணி ஆனபோது கடிகாரத்தைப் பார்த்தேன். மூலக்குளத்தில் மணி அடித்திருப்பார்கள். நீங்கள் எழுந்து நின்று பாவ அறிக்கை ஜெபத்தைச் சொல்லத் தொடங்கியிருப்பீர்கள். நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு அதை மெல்லிய குரலில் சொன்னேன். எத்தனையோ ஆண்டுகளாக உங்களுக்கு முன்பாக நின்று நான் நடத்திய ஜெபம் அது. அன்று அதை நடத்தவில்லை, சொன்னேன். வார்த்தையினால் செய்த பாவங்கள் என்ற இடத்துக்கு வந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து போன ஒரு முதுகு என் கண்முன் வந்தது.

தம்பி வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. அவருக்குப் பின்னால் கிளம்பியவர்கள் வந்து சேர்ந்தார்கள். வெயில் ஏறியது. காலக்கெடுவை மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கினேன். கடைசியில், எதிர்பார்த்ததைவிட நாற்பது நிமிடம் தாமதமாக, உள்ளங்கைகள் கறுத்து, முழங்காலில் சிராய்ப்போடு ஓடி வந்தார். வழியில் டயர் பஞ்சராகியிருக்கிறது. வெளியாட்களிடம் உதவி பெறக் கூடாது என்பது விதி. தாமே டியூபை மாற்றி, அதுவும் முதல் முறை சரியாக அமையாமல் மறுபடியும் மாற்றி, வந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க ஐயா, லேட் பண்ணிட்டேன்" என்றார் மூச்சு வாங்கியபடி.

அவர் குனிய முடியாமல் தடுமாறினார். நான் மண்டியிட்டு அவருடைய கணுக்காலிலிருந்து பட்டையை அவிழ்த்தேன். வியர்வையும் மண்ணும் படிந்த காலைக் கையில் பிடித்திருந்தேன். ஒவ்வொரு ஆண்டும் பெரிய வியாழக்கிழமையில் பாதம் கழுவுவதைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். இத்தனை அருகில் யாருடைய பாதத்தையும் நான் பார்த்ததில்லை. தலையை நிமிர்த்தாமலேயே சொன்னேன்: "மன்னிப்பு நான்தான் கேக்கணும் தம்பி. அன்னைக்கு நான் பேசினதுக்கு. அம்மா போனதுக்கு அப்புறம் ஒரு நாள்கூட வீட்டுக்கு வராததுக்கு."

மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்வதற்கு, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த அந்த இடம்தானா கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். தம்பியும் அப்படியே நினைத்திருப்பார். என் விரல்கள் நடுங்கின. பட்டை என் காலில் சரியாக ஒட்டவில்லை. அவர் என் கையை விலக்கிவிட்டு, தாமே மண்டியிட்டு, அதை என் கணுக்காலில் இறுக்கிக் கட்டினார். "ஓடுங்க ஐயா. அப்புறம் பேசலாம்" என்றார்.

ஓடினேன். அந்த நடுப்பகல் ஓட்டத்தைப் பற்றி வீரக்கதை எதுவும் என்னிடம் இல்லை. ஒரே பாதையில் மறுபடியும் மறுபடியும் சுற்றி வரும் ஓட்டம். முதல் பத்து கிலோமீட்டர் நன்றாகவே போயிற்று. அதன் பிறகு தொடை இறுகியது. நிலையங்களில் நின்ற தன்னார்வலர்கள் தண்ணீரும் பனிக்கட்டியும் கொடுத்தார்கள். பனிக்கட்டியைத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டேன். கடைசி ஐந்து கிலோமீட்டரில் பாதியை நடந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திருப்பத்தில் நீச்சல்காரரும் தம்பியும் நின்று கைதட்டினார்கள். நான் நடந்துகொண்டிருந்தபோதும் கைதட்டினார்கள். காலக்கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மீதமிருக்க, எல்லையைக் கடந்தேன். எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள். முன்பக்கத்திலிருந்து எண்ணினால் நேரமாகும்.

பிரியமானவர்களே, வேதாகமக் கல்லூரியில் கிரேக்க மொழி படித்தபோது ஒரு சொல் என்னைத் திகைக்க வைத்தது: 'பாரதிதோமி'. கையளித்தல் என்று பொருள். 1 கொரிந்தியர் 11:23-இல் பவுல் திருவிருந்தைப் பற்றிப் பேசுகிறார். தாம் கர்த்தரிடத்தில் பெற்றதைச் சபைக்குக் கையளித்ததாகச் சொல்கிறார். அதே வசனத்தில், இயேசு யூதாசினால் பகைவர் கையில் கொடுக்கப்பட்ட இரவையும் குறிப்பிடுகிறார். தமிழில் இரண்டும் வேறு வேறு சொற்கள்: ஒன்று ஒப்புவித்தல், மற்றது காட்டிக்கொடுத்தல். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். விசுவாசத்தை அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் செயலும், ஒருவரைப் பகைவர் கையில் ஒப்படைக்கும் செயலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இதைப் பரீட்சைக்காகப் படித்து மதிப்பெண் வாங்கினேன். அதன் பொருளைக் கோவாவில், ஒரு தம்பியின் கணுக்காலில் கைவைத்தபோது கற்றேன். அந்த இரண்டையும் செய்தது இதே கைதான், இதே வாய்தான். திருவிருந்தை அவருக்குக் கொடுத்த நானே, சபையின் சிரிப்புக்கும் அவரைக் கொடுத்தேன்.

தொடரோட்டம் பெரும்பாலும் ஓட்டத்தில் தோற்பதில்லை. கைமாறும் இடத்தில் தோற்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே நாளில், 4×100 மீட்டர் தொடரோட்டத்தின் தகுதிச் சுற்றில் குச்சியைத் தவறவிட்டு வெளியேறின. உலகின் மிக வேகமான கால்கள் அவர்களிடம் இருந்தன. நம் தமிழ்நாட்டுப் பிள்ளை, லால்குடிக்கு அருகே வழுத்தியூரைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்புத் தொடரோட்டத்தின் கடைசிச் சுற்றை ஓடினார். அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ் ஆகியோரின் கைகள் வழியாக வந்த குச்சி அது. அன்று கிடைத்தது வெள்ளி. முதலிடம் பெற்ற அணி ஊக்கமருந்து விதிமீறலால் நீக்கப்பட, 2020-இல் அது தங்கமாயிற்று. நான்கு பேரில் ஒருவர் குச்சியைத் தவறவிட்டிருந்தாலும் அந்தப் பதக்கம் யாருக்கும் இல்லை.

பழைய ஏதென்ஸ் நகரத்தில் தீப்பந்தத் தொடரோட்டம் இருந்தது. முதலில் வந்துவிட்டால் மட்டும் வெற்றியில்லை; பந்தம் அணையாமல் வந்து சேர வேண்டும். எபிரெயர் நிருபத்தை எழுதியவர் பதினோராம் அதிகாரத்தில் விசுவாச வீரர்களின் வரிசையைச் சொல்லி முடிக்கும்போது, வாக்குத்தத்தம் நிறைவேறுவதைக் காணாமலேயே அவர்கள் மரித்தார்கள் என்றும், நம்மையல்லாமல் அவர்கள் பூரணராவதில்லை என்றும் கூறுகிறார். அதற்கு அடுத்த வசனத்திலேயே ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆபிரகாமின் ஓட்டம் நம் கணுக்காலில் கட்டப்பட்டிருக்கிறது. நாம் நின்றுவிட்டால் நம் ஓட்டம் மட்டும் நிற்பதில்லை.

ஆகவே உங்களிடம் சில கேள்விகள் கேட்கத் துணிகிறேன். முதலில் என்னிடமே கேட்டுக்கொண்டவை அவை. 4×100 ஓட்டத்தில் குச்சியைக் கைமாற்ற 30 மீட்டர் தரப்படுகிறது. அந்த 30 மீட்டரில் இருவரும் சேர்ந்து ஓடுகிறார்கள். கொடுப்பவர் நின்றுகொண்டு கொடுப்பதில்லை. பெற்றோரே, நீங்கள் பிள்ளைகளோடு ஓடுகிறீர்களா, அல்லது நின்ற இடத்திலிருந்து குச்சியை எறிகிறீர்களா? மூத்தோரே, ஓய்வுநாள் பள்ளியின் பொறுப்பையும் அலமாரிச் சாவியையும் இருபது ஆண்டுகளாக வைத்திருக்கிறவர்களே, அடுத்தவர் கையை நீட்டிக்கொண்டு நெடுநேரமாய் முன்னே ஓடுகிறார் என்பதைக் கண்டீர்களா? கொடுக்காமல் பிடித்திருப்பதும் ஒரு வகையில் தவறவிடுவதே. எனக்கும் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு வருகிறது. நான் இல்லாத அந்த ஞாயிறன்று நம் சகோதரி ஒருவர் ஆராதனையை நடத்தினார். ஒன்றும் குறைவாகவில்லை என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல. மகிழ்ச்சி இரண்டு நாள் கழித்தே வந்தது.

அந்த இரவு மிராமார் மணலில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தம்பி தம் தாயாரைப் பற்றி நெடுநேரம் பேசினார். நான் வேதவசனம் எதையும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மாவுக்கு நீங்க கல்லறையில ஜெபம் பண்ணப்போ என்ன சொன்னீங்க, ஐயா? நான் தூரத்துல நின்னேன். எனக்குக் கேக்கல." நினைவில் இருந்தவரை மறுபடியும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

அவர் ஆலயத்துக்குத் திரும்பிவிட்டாரா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை, இன்னும் வரவில்லை. கதை இனிதாக முடிய வேண்டும் என்பதற்காக நான் எதையும் சேர்க்கப் போவதில்லை. அவர் வந்தால், தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். கடந்த புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. "ஊசுட்டேரி வரைக்கும் போலாமா, ஐயா?" என்றார். அவர் சைக்கிளை என் வாசலிலேயே நிறுத்திவிட்டு என்னோடு மெதுவாக ஓடி வந்தார்.

லிடெல் கதையில் மீதியிருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். அதே முகாமில் ஸ்டீபன் மெட்காஃப் என்ற சிறுவன் இருந்தான். குளிரில் செருப்பில்லாமல் திரிந்த அவனுக்கு, லிடெல் தம்முடைய தேய்ந்துபோன ஓட்டக் காலணிகளைக் கொடுத்தார். பகைவருக்காக ஜெபிக்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்கு ஆறு மாதம் முன்பாக, மூளைக்கட்டியால் லிடெல் மரித்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து, தன்னைச் சிறைவைத்த ஜப்பானியரிடத்துக்கே மிஷனரியாகப் போனான். அந்தக் காலணிகள் சில வாரங்களில் கிழிந்திருக்கும். ஆனால் அவரிடம் பெற்றுக்கொண்ட மன்னிப்பைத் தன் வாழ்நாளெல்லாம் சுமந்ததாக மெட்காஃப் சாட்சி சொன்னார்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் முன்னோர் எங்களிடம் ஒப்புவித்ததை நாங்கள் மறைத்து வைத்த நாட்களுக்காகவும், ஒப்புவிக்க வேண்டிய கைகளாலும் வாயாலும் பிறரைக் காயப்படுத்திய நாட்களுக்காகவும் எங்களை மன்னியும். காத்திருக்கவும், குனியவும், உரிய நேரத்தில் விட்டுக்கொடுக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்களைவிட்டு எழுந்து போனவர்களின் வாசலுக்கு நாங்களே முதலில் போகும்படி எங்கள் கால்களை நடத்தும். ஆமென்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் போகத் தவறிய ஒரு வீடு இருக்கும். இத்தனை நாள் கழித்து எப்படிப் போவது என்ற வெட்கம் உங்களுக்கும் இருக்கும். அந்த வெட்கத்தோடேயே போய் வாருங்கள்.

உங்கள் ஜெபத்தை நாடும்,
உங்கள் போதகர்
மூலக்குளம், புதுச்சேரி